நைலான் கியர் ஏன் உருகுகிறது? பீக் (PEEK) பிளாஸ்டிக் கியர் எங்கே தாங்குகிறது?

கேள்வியின் சாரம் இது. ஒரு கன்வேயரில் 0.55 கிலோவாட் மோட்டார். கியர்பாக்ஸைத் தாண்டி 20 பல் எஃகு பினியன் (ஜோடியில் சிறிய கியர்) நிமிடத்துக்கு 300 சுற்று ஓடி, 60 பல் கியரைத் திருப்புகிறது. மாட்யூல், அதாவது பல்லின் பருமனைச் சொல்லும் எண், 3; பல்லின் அகலம் 30 மி.மீ. பழைய வார்ப்பிரும்பு கியர் தேய்ந்ததும் அதே அளவில் காஸ்ட் நைலான் கியர் வெட்டிப் போட்டார்கள். கிரீஸ் இல்லாமல் ஓடியது. சத்தம் குறைந்தது. ஆனால் மழைக்காலம் வந்ததும் இறுக ஆரம்பித்து, சில வாரங்களில் பல் உருகிச் சாய்ந்துவிட்டது. கியரை ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவி உட்காரும் பள்ளமும் அகன்றுவிட்டது. பிளாஸ்டிக் கியர் தொழிற்சாலைக்கு ஆகுமா, ஆகும் என்றால் எங்கே, எந்தப் பொருளில் என்பது கேள்வி.

ஆகும். ஆனால் எஃகு கியரின் வரைபடத்தை வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றினால் ஆகாது. இந்த கன்வேயரில் நடந்தது அதுதான். நைலான் தரக்குறைவு என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடலாம்.

முதலில் பல்லின் பலம். 20 பல், மாட்யூல் 3 என்றால் பினியனின் பிட்ச் விட்டம், அதாவது பற்கள் கோக்கும் வட்டத்தின் விட்டம், 60 மி.மீ. 300 சுற்றில் பல்லின் வேகம் வினாடிக்கு 0.94 மீட்டர். 0.55 கிலோவாட்டை அதால் வகுத்தால் பல்லின் மேல் விழும் விசை சுமார் 585 நியூட்டன். பல்லின் வடிவத்தைக் கணக்கில் எடுக்கும் லூயிஸ் எண் 60 பல்லுக்கு 0.42. அதன்படி பல்லின் அடியில் வரும் வளைவழுத்தம் 15 மெகாபாஸ்கல் சொச்சம். நார் சேர்க்காத நைலானுக்கும் அசெட்டால் (POM) என்ற பிளாஸ்டிக்குக்கும், கிரீஸ் இருந்து, பல்லின் சூடு 60 டிகிரிக்குள் நின்றால், ஒரு கோடிச் சுற்றுக்கு 15 முதல் 20 மெகாபாஸ்கல் வரை வைத்துக்கொள்வது நிதானமான கணக்கு. கியர் நிமிடத்துக்கு 100 சுற்று ஓடுவதால் ஒரு கோடிச் சுற்று என்பது சுமார் 1,670 மணி நேரம். ஒரு ஷிப்டு ஓடினால் ஏறக்குறைய 7 மாதம். ஆக, பலத்தில் ஓரளவு விளிம்பில் இருந்தாலும் உடனே சாக வேண்டிய கியர் அல்ல. அதைக் கொன்றது சூடும் இடுக்கும்.

சூட்டை எடுத்துக்கொள்வோம். பல்லோடு பல் உரசும்போது கொஞ்சம் சக்தி வெப்பமாகிறது. இந்த ஜோடியில் அந்த இழப்பு, உராய்வு எண்ணை ஏறக்குறைய 0.15-ஆல் பெருக்கினால் கிடைக்கும். நைலானும் எஃகும் வறட்சியாக உரசினால் உராய்வு எண் 0.2 அருகில், கிரீஸ் இருந்தால் 0.09, எண்ணெய்த் தொட்டியில் 0.04. அதாவது 0.55 கிலோவாட்டில் வறட்சியாக 16 வாட் சொச்சம், கிரீஸுடன் 7 வாட், எண்ணெயில் 3 வாட். 16 வாட் கேட்கச் சின்னதுதான். ஆனால் எஃகின் வெப்பக் கடத்துத்திறன் 50 என்றால் நைலானுடையது 0.25. இருநூறில் ஒரு பங்கு. பல்லின் தோலில் பிறந்த சூடு உள்ளே இறங்க வழியில்லாமல் தோலிலேயே நிற்கும். இதனால்தான் ஜோடியில் ஒன்று எஃகாக இருக்க வேண்டும் என்கிறோம். சூட்டை வாங்கி ஷாஃப்ட் வழியாக வெளியே அனுப்புவது அந்த எஃகுதான். இரண்டும் பிளாஸ்டிக்காக இருந்தால் அந்த வாசலும் அடைபடும்.

அடுத்தது இடுக்கு. எஃகு கியருக்கு இந்த மாட்யூலில் 0.1 முதல் 0.15 மி.மீ. பேக்லாஷ், அதாவது கோத்த பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி, வைப்பார்கள். நைலான் ஒவ்வொரு டிகிரிக்கும் எஃகைப்போல் 7, 8 மடங்கு விரியும். 180 மி.மீ. பிட்ச் விட்டமுள்ள கியர் 25-இலிருந்து 65 டிகிரிக்கு ஏறினால் விட்டத்தில் 0.65 மி.மீ. கூடும். எஃகுச் சட்டத்தின் விரிவு இதில் ஒரு சிறு பங்கை மட்டுமே ஈடு செய்யும். மீதி, பேக்லாஷில் ஏறக்குறைய 0.24 மி.மீ.-ஐ விழுங்கிவிடும். வைத்ததே 0.15 என்றால் பல் இரண்டு பக்கமும் இடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இடித்தால் உராய்வு, உராய்ந்தால் சூடு, சூட்டில் இன்னும் விரிவு. அப்புறம் உருகாமல் என்ன செய்யும்?

மேலே மழை. நைலான் 6 நீரில் ஊறவிட்டால் எடையில் 9 சதவீதம் வரை நீர் குடிக்கும். காஸ்ட் நைலான் கொஞ்சம் குறைவு, 6 முதல் 7. ஒவ்வொரு சதவீத நீருக்கும் நீளம் சுமார் 0.2 சதவீதம் கூடும். ஈரக் காற்றில் 2 சதவீதம் ஏறினால் 0.4 சதவீதம். முழுக் கியரும் அப்படி ஊதினால் இன்னொரு 0.27 மி.மீ. பேக்லாஷ் போகும். பல்லின் நுனி எதிர்ப் பல்லின் அடியைத் தொடாமல் இருக்க வைத்த இடைவெளி மாட்யூலில் கால் பங்கு, 0.75 மி.மீ.; சூடும் ஈரமும் சேர்ந்தால் நுனி 0.7 மி.மீ. வெளியே வந்துவிடும். முப்பது மி.மீ. கனத்துக்குள் நீர் இறங்க மாதக்கணக்காகும் என்பதால் உடனே தெரியாது. போட்ட புதிதில் அருமையாக ஓடிய கியர் பருவம் மாறியதும் இறுகுவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, சாவிப் பள்ளம். இதைப் பெரும்பாலும் யாரும் கணக்கே போடுவதில்லை. 100 சுற்றில் 0.55 கிலோவாட் என்றால் முறுக்குவிசை 52 நியூட்டன் மீட்டர். ஷாஃப்ட் 35 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் சாவியின் பக்கவாட்டில் 3,000 நியூட்டன். 10×8 சாவி, கியரின் நடுக் குடமான ஹப்புக்குள் போவது 3.3 மி.மீ. உயரம், 30 மி.மீ. நீளம், அழுத்தம் 30 மெகாபாஸ்கல். பல்லின் அடியில் 15, சாவியில் 30! அதோடு மோட்டார் நேரடி ஸ்டார்ட் என்றால் கிளம்பும் நொடியில் இரண்டு மடங்குக்கு மேல் எகிறும். பள்ளம் அகலாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நைலானில் நேராகச் சாவி வெட்டாதீர்கள். எஃகு ஹப் செய்து, அதில் ஃபிளாஞ்சு (தட்டையான விளிம்பு) விட்டு, நைலான் வளையத்தை 90 மி.மீ. வட்டத்தில் ஆறு எம்8 போல்ட்டால் பிடியுங்கள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் 200 நியூட்டன்கூட வராது. போல்ட் தலைக்கும் நட்டுக்கும் அடியில் அகலமான எஃகுத் தட்டு வேண்டும், இல்லாவிட்டால் நைலான் அமுங்கி போல்ட் தளர்ந்துவிடும். வெறும் பிரஸ் ஃபிட்டும் (இறுக்கி அழுத்தி ஏற்றுவது) கிரப் ஸ்குரூவும் (தலையில்லாத திருகு) பிளாஸ்டிக்கில் நாளாக ஆகப் பிடி விடும்.

சரி, இந்த கன்வேயருக்கு என்ன செய்வது? புதிய பினியன் செய்ய முடிந்தால் பேக்லாஷை எஃகுப் பக்கத்திலிருந்து எடுங்கள். பல் வெட்டும் கருவியான ஹாபை வழக்கத்தைவிட 0.5 மி.மீ. ஆழமாக இறக்கினால் பினியன் பல் 0.36 மி.மீ. மெலியும், அடியிடைவெளியும் 0.5 கூடும். எஃகுக்கு அந்த மெலிவு ஒரு பொருட்டல்ல. பலவீனமான நைலான் பல் முழுத் தடிமனோடு இருக்கும். 20 பல்லுக்கு இதற்கு மேல் இறக்கினால் பல்லின் அடி குடையப்படும், அதனால் 0.5-இல் நிறுத்துங்கள். பழைய பினியனையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அதே ஆழத்தை நைலானில் வெட்டி, வெளிவிட்டத்தை 186-இலிருந்து 185 ஆகக் கடைந்துவிடுங்கள். பினியன் கடினப்படுத்தியதாகவும் பல்லின் முகம் வழவழப்பாகவும், சொரசொரப்பு அளவான ஆர்ஏ 0.8 மைக்ரானுக்குள், இருக்க வேண்டும். சொரசொரப்பான எஃகுப் பல் அரம் மாதிரி நைலானைத் தின்றுவிடும். பினியனின் அகலம் கியரைவிட 2, 3 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும், குறைவாக இருந்தால் நைலான் பல்லில் படி விழுந்து, ஷாஃப்ட் கொஞ்சம் நகர்ந்ததும் அந்தப் படி உடையும்.

கிரீஸ் ஒரு முறையாவது தடவுங்கள். "நைலானுக்கு எண்ணெய் வேண்டாம்" என்பது லேசான சுமைக்கு மட்டும் உண்மை. பிஏஓ என்ற செயற்கை எண்ணெய் அடிப்படையிலான லித்தியம் கிரீஸ் நைலானுக்கும் அசெட்டாலுக்கும் பொதுவாக ஒத்துப்போகும். எஃகு கியருக்கென வரும் கடுமையான இபி (அதிக அழுத்தம் தாங்க வைக்கும்) சேர்மானங்கள் சூட்டில் நைலானை மெல்ல அரிக்கக்கூடும், அதைத் தவிருங்கள். மாவும் சர்க்கரையும் பறக்கும் இடத்தில் கிரீஸில் தூசி ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். அங்கே மூடி போடுங்கள், அல்லது சிலிக்கோனோ டெஃப்லானோ கலந்த பிளாஸ்டிக் ரகத்தைத் தேடுங்கள்.

இனி, எந்தத் தொழிலில் இவை உண்மையில் ஓடுகின்றன என்ற கேள்வி.

மிகக் கடினமான வேலை கார் ஸ்டியரிங்கில் நடக்கிறது. சிறிய கார்களின் மின்சார பவர் ஸ்டியரிங்கில் மோட்டாரின் முனையில் திருகு வடிவ எஃகு கியரான வோர்ம், அதோடு கோத்த சக்கரம் நைலான். அந்த நைலான் எஃகு ஹப்பின் மேல் வார்க்கப்பட்டிருக்கும். வெண்கலம் போட்டால் மேடுபள்ளத்தில் கடகடக்கும். நைலான் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து அதிர்வை விழுங்கும். உயிர்ப் பாதுகாப்புள்ள இடத்தில் பிளாஸ்டிக் பல்லை நம்புகிறார்கள் என்றால், சுமை இடைவிட்டு வருவதும், வாழ்நாள் முழுவதற்குமான கிரீஸ் உள்ளேயே அடைத்திருப்பதும், உச்ச முறுக்குவிசையை மின்னணு கட்டுப்படுத்துவதும் காரணம். கன்வேயரில் இந்த மூன்றும் இருக்காது.

இன்ஜினுக்குள் கதை வேறு. 1960-கள், 70-களில் ஜெனரல் மோட்டார்ஸின் சில வி8 இன்ஜின்களில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டின் ஸ்ப்ராக்கெட்டை (சங்கிலிச் சக்கரம்) அலுமினியத்தில் செய்து, பல்லுக்கு மட்டும் நைலான் பூசினார்கள். சத்தமில்லாமல் ஓடியது. வருடங்கள் போகப் போகச் சூடான எண்ணெயில் நைலான் காய்ந்து நொறுங்கியது. துண்டுகள் எண்ணெய் பம்பின் வடிகட்டியில் போய் அடைத்தன. பல்லின் பலம் போதவில்லை என்பதல்ல இங்கே, வெப்ப முதுமை. இன்று இன்ஜினுக்குள் வந்திருக்கும் பிளாஸ்டிக் கியர் பீக். இங்கிலாந்தின் ஐசிஐ 1978-இல் உருவாக்கிய பிளாஸ்டிக் அது. உருகுநிலை 343 டிகிரி, சூடான எண்ணெயில் வருடக்கணக்கில் நிற்கும். இன்ஜினின் அதிர்வைச் சமன்செய்யும் பேலன்சர் ஷாஃப்ட்டுகளில் எஃகு கியர் ஒன்றை பீக் ஆக்கினால் பல் மோதும் சத்தம் அடங்குகிறது, சுழலும் எடையும் குறைகிறது: பீக்கின் அடர்த்தி 1.3, எஃகுக்கு 7.85. பீக் தயாரிக்கும் விக்ட்ரெக்ஸ் 2015-இல் அமெரிக்காவின் கிளைஸ் கியர்ஸை வாங்கியது இந்தச் சந்தைக்காகத்தான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 343 டிகிரி என்ற எண்ணைப் பார்த்து 250 டிகிரியில் கியர் ஓட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 143 டிகிரியைத் தாண்டியதும் சாதா பீக்கின் விறைப்பு சரசரவென்று இறங்கும். அதற்கு மேல் கார்பன் நார் சேர்த்த ரகம்தான்.

மின்சார சைக்கிளின் கியர் உள்ள ஹப் மோட்டாரைத் திறந்தால் நடுக் கியரைச் சுற்றிக் கோத்திருக்கும் மூன்று பிளானட் கியர்கள் பெரும்பாலும் நைலான். மேட்டில் முழு எடையோடு தொடர்ந்து ஏற்றினால் மோட்டார் கம்பிச்சுற்றின் சூடு அப்படியே கியருக்கு வந்து பல் மழுங்கும். மாற்றும்போது மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் புதிதானால் சுமை முழுக்க அதன் தலையில் விழும்.

நூற்பு, நெசவு இயந்திரங்களில் காரணம் வேறு: எண்ணெய். ஒரு சொட்டு தெறித்தால் நூலோ துணியோ கறை. அங்கே முதலில் வந்தது துணியை ஃபீனாலிக் பிசினில் அழுத்திச் செய்த பலகையில் வெட்டிய கியர். நம் ஆலைகளில் ஃபைபர் கியர் என்றும் ஹைலம் கியர் என்றும் பெயர். இன்றும் அது மட்டம் இல்லை. உருகாது, நைலானைவிட விறைப்பு. ஆனால் அடி விழுந்தால் பல் பெயர்ந்துவிடும். பஞ்சு பறக்கும் இடத்தில் வறட்சியான பிளாஸ்டிக் நிலைமின்சாரம் சேர்க்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தேவைப்பட்டால் கார்பன் கலந்த கடத்தும் ரகம் கிடைக்கிறது.

குடிநீர் மீட்டருக்குள் எண் காட்டும் சக்கரங்களைத் திருப்பும் குட்டி கியர்களில் அசெட்டால் பரவலாக இருக்கிறது. முழுவதும் ஊறினாலும் ஒரு சதவீதத்துக்குள்தான் நீர் குடிக்கும், அளவு மாறாது. பிரிண்டர், ஜெராக்ஸ் இயந்திரம், பணம் எண்ணும் இயந்திரம் எல்லாவற்றிலும் அசெட்டால்தான் ராஜா. உணவு பேக்கிங்கிலும் அதுவே முதல் தேர்வு, ஆனால் கழுவும் மருந்தைப் பார்க்க வேண்டும்: குளோரின் கலந்த கரைசலும் அமிலமும் அசெட்டாலைத் தின்னும். அந்த அமிலம் நைலானையும் விடாது. அங்கே இன்னொரு சிக்கல், பினியனை 304 ஸ்டெயின்லெஸ்ஸில் செய்கிறார்கள். அது மென்மையானது, சாதா எஃகில் மூன்றில் ஒரு பங்குதான் சூட்டைக் கடத்தும். இந்த ஜோடிக்குச் சுமையைக் குறைத்தே கணக்கிடுங்கள். அமிலம், கரைப்பான் எல்லாம் தள்ளும் சிறிய கியர் பம்புகளில் பீக் அல்லது பிபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கியர்; தள்ளப்படும் திரவமே அவற்றைக் குளிர்விக்கிறது, அதனால் வறட்சியாக ஓட்டினால் நிமிடங்களில் போய்விடும்.

பொருள் தேர்வில் அநேகம் பேர் தடுமாறும் இடம் கண்ணாடி நார். 30 சதவீதம் கண்ணாடி நார் சேர்த்தால் பலம் கூடும், சூட்டையும் தாங்கும். ஆனால் மென்மையான எதிர்ப் பல்லை அறுத்துவிடும். எதிரே கடினப்படுத்திய எஃகும் எண்ணெயும் இருந்தால் மட்டும் போடுங்கள். கறுப்பாக இருக்கும் மாலிப்டினம் நைலானைத் 'தானே எண்ணெய் விடும்' ரகம் என்று விற்கிறார்கள். அதில் உள்ள தூள் நைலானின் படிக அமைப்பை இறுக்கிக் கொஞ்சம் விறைப்பு தருகிறது, அவ்வளவுதான். எண்ணெயே கலந்து வார்த்த காஸ்ட் நைலான் தனி ரகம், அது வறட்சியில் உண்மையிலேயே உதவும். இரண்டு பிளாஸ்டிக் கியர்களைக் கோக்க வேண்டிவந்தால் ஒன்று நைலான், ஒன்று அசெட்டால் என்று பிரியுங்கள். அசெட்டாலோடு அசெட்டால் கீச்சிட்டுக்கொண்டே வெள்ளைத் தூளாகும்.

கடையில் கொடுத்த ராடு என்ன பொருள் என்று சந்தேகமா? ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது பாலிஎத்திலீனோ பாலிபுரோப்பிலீனோதான், கியருக்கு வைக்காதீர்கள். மூழ்கினால், இதற்கு மேல் கரையாது என்னும் வரை உப்பைக் கரைத்த தண்ணீரில் போடுங்கள். அதன் அடர்த்தி 1.2. நைலான் 1.15 என்பதால் மிதக்கும், அசெட்டால் 1.41 என்பதால் மூழ்கும். கண்ணாடி நார் சேர்த்த நைலானும் பீக்கும்கூட மூழ்கும். துண்டைக் கொளுத்திப் பார்க்கும் வழக்கம் உண்டு, ஆனால் அசெட்டால் எரிந்தால் ஃபார்மால்டிஹைடு வரும், முகர்ந்துவிடக் கூடாது.

உடைந்த கியரைத் தூக்கி எறியாமல் பாருங்கள். பல்லின் அடியில் சுமை வரும் பக்கத்திலிருந்து சுத்தமாக விரிசல் ஓடியிருந்தால் சுமை அதிகம், அல்லது அடியின் வளைவு கூர்மை. எல்லாப் பல்லும் ஒரே சீராக மெலிந்து தூள் கொட்டியிருந்தால் எண்ணெய்ப் பஞ்சம் அல்லது சொரசொரப்பான எஃகு. பல்லின் இரண்டு முகத்திலும் பளபளப்புத் தேய்வு இருந்தால் பேக்லாஷ் இல்லை. பழுப்பேறி நொறுங்கினால் வெப்ப முதுமை. எண்ணெயில் ஓடிய நைலானில் பல்லின் நடுக்கோட்டருகே குழிகள் தெரிந்தால் அது மேற்பரப்பின் களைப்பு. அகலத்தைக் கூட்ட வேண்டும், அல்லது பிஏ46 (சூடு தாங்கும் நைலான் ரகம்), பீக் என்று மேலே போக வேண்டும். இந்தக் கணக்குகளை முழுதாகப் போட ஜெர்மனியின் பொறியாளர் சங்கமான விடிஐ வெளியிட்ட 2736 என்ற வழிகாட்டி இருக்கிறது. வேரின் பலம், முகத்தின் பலம், தேய்வு, பல்லின் சூடு எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக்குக்கென்றே தனிச் சூத்திரம் உண்டு.

வெட்டக் கொடுக்கும்போது பட்டறையிடம் மூன்றைச் சொல்லிவிடுங்கள். முரட்டுக் கடைசலுக்கும் இறுதி வெட்டுக்கும் நடுவில் ஒரு நாளாவது துண்டைச் சும்மா வைக்க வேண்டும். ராடுக்குள் இருக்கும் இழுவிசை தளர்ந்து வட்டம் கோணும், அதற்குப் பிறகு இறுதி அளவு. அளவை வெட்டிய சூட்டோடு எடுக்காமல் மறுநாள் ஆறின பிறகு எடுக்க வேண்டும். மைக்ரோமீட்டரை இறுக்கினால் நைலான் அமுங்கிப் பொய் சொல்லும், தொட்டதும் நிறுத்த வேண்டும். வாங்கி வந்த உதிரிக் கியரைப் பிளாஸ்டிக் பையில் மூடி, பாய்லர் அறைக்கும் ஈரத் தரைக்கும் எட்டாத அலமாரியில் படுக்கையாக வையுங்கள்; ஆணியில் தொங்கவிட்டால் நாளடைவில் வட்டம் கெடும்.

பழைய பினியனையே வைத்துக்கொள்வதாக இருந்தால், புதிய கியரை ஏற்றும் முன் அதன் பற்களுக்கு நடுவே உருகி ஒட்டிய நைலானைப் பித்தளைத் தூரிகையால் சுரண்டி எடுங்கள். கியரை ஏற்றியபின் நான்கு இடங்களில் பற்களுக்கு நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். காய்ந்த, குளிர்ந்த நிலையில் 0.45 மி.மீ.-க்குக் குறையாமல் இடைவெளி இருந்தால் ஓட்டலாம். முதல் ஒரு மணி நேரத்தில் கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி, பூட்டி, பல்லின் சூட்டைப் பாருங்கள். 60 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கிரீஸும் ஷாஃப்ட்டின் நேர்ப்பும் முதலில் சந்தேகப்பட வேண்டியவை.